கரண்ட் பிடிக்கமுன் இத்தனை ஸ்கான் ஏன்?

கொக்குவிலில் இருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போனால் தாவடி, இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம் தாண்டித் தெல்லிப்பழை வரும். அங்குள்ள ஆதார வைத்தியசாலை வளவில் புற்றுநோய்க்கென்று தனிக் கட்டடம் இருக்கிறது. 2011 யூலையில் தென்முனையான தெய்வேந்திரமுனையில் தொடங்கிப் பருத்தித்துறை வரை 27 நாட்கள் நடந்து, வழிநெடுக மக்களிடம் நிதி திரட்டிய 'ட்ரெயில்' நடைபயணத்தால் எழுந்த கட்டடம் அது. உங்கள் வீட்டில் ஒருவருக்கு 'கரண்ட் பிடிக்க வேணும்' என்று வைத்தியர் எழுதியிருந்தால், அடுத்த சில கிழமைகளில் இந்த வீதி உங்களுக்கு நன்றாகப் பழகிவிடும்.

அப்போது பலரும் கேட்பது இதுதான். "வருத்தம் இருக்கிறதென்று ஏற்கெனவே ஸ்கான் எடுத்துப் பார்த்தாயிற்று. பிறகேன் இன்னொரு ஸ்கான்? நாள் போகப்போக நோய் பரவாதா?" நியாயமான பயம். நோயைக் கண்டுபிடிக்க எடுக்கும் படமும் சிகிச்சையை நடத்த எடுக்கும் படமும் வெவ்வேறு வேலைக்கானவை என்பதை யாரும் ஆறுதலாக இருந்து சொல்லாததால்தான் அந்தப் பயம் இவ்வளவு பெரிதாகிறது.

முதலில், கரண்ட் என்றால் மின்சாரமா?

இல்லை. உடம்புக்குள் மின்சாரம் எதுவும் போகாது, அதிராது, சுடாது. சாதாரண எக்ஸ்றே படத்துக்குப் பயன்படும் அதே வகைக் கதிர்தான். சக்தி பல மடங்கு கூடியது. கண்ணுக்குத் தெரியாது, படும்போது நோகாது. அது உயிரணுக்களின் உள்ளே இருக்கும் மரபுப் பொருளை உடைக்கிறது. புற்று அணுக்களுக்கு அந்த உடைவைத் திருத்தும் திறன் குறைவு. நல்ல அணுக்கள் ஓரளவு திருத்திக்கொள்ளும். அந்த வித்தியாசத்தில்தான் சிகிச்சை நிற்கிறது. ஒரே நாளில் முழுவதையும் கொடுக்காமல் கிழமைக்கு ஐந்து நாளாகப் பிரித்துக் கொடுப்பதற்கும் அதுவே காரணம்.

கதிர் வரும் இயந்திரங்கள் இரண்டு வகை. ஒன்று கோபால்ட் இயந்திரம். அதற்குள் கதிரை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும் கோபால்ட் உலோகம் இருக்கும். மற்றது நேர்கோட்டு முடுக்கி (மின்சாரத்தால் கதிரை உண்டாக்கும் இயந்திரம், ஆளியை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும்). கோபால்ட்டின் வலு ஏறத்தாழ 5.3 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். "பழைய இயந்திரம், கரண்ட் பத்தாது" என்று சிலர் கவலைப்படுவது இதனால். அந்தக் கவலை வேண்டாம். வலு குறைந்தால் படுத்திருக்க வேண்டிய நேரம்தான் கூடும். உங்களுக்குச் சேரும் அளவு கணக்குப்படியேதான் இருக்கும்.

அப்படியானால் படம் எதற்கு?

கதிருக்குப் புற்று எது, நல்ல தசை எது என்று தெரியாது. அது போகும் வழியில் உள்ள எல்லாவற்றையும் தொடும். ஒரு தொண்டைப் புற்றை எடுத்துக்கொள்வோம். சுருட்டுக் கொட்டில்கள் நிறைந்திருந்த ஊரில், புகையிலை சேர்த்து வெற்றிலை போடும் வழக்கம் இன்னும் விடாத சனத்துக்கிடையே, வாய்ப் புற்றும் தொண்டைப் புற்றும் எங்களுக்குத் தூரத்து நோய்கள் அல்ல.

அந்தக் கட்டிக்கு வழக்கமாக 70 கிரே (உடம்பு உறிஞ்சும் கதிரின் அளவு) தேவை. 35 தடவை, ஏழு கிழமை. ஆனால் கட்டிக்குச் சில சென்ரிமீற்றர் பின்னால் முண்ணாண் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு) இருக்கிறது. அது பாதுகாப்பாகத் தாங்குவது 45 முதல் 50 கிரே வரைதான். அதைத் தாண்டினால் கைகால் செயலிழக்கும் ஆபத்து உண்டு. பக்கத்தில் பரோட்டிட் சுரப்பி (காதுக்குக் கீழே இருக்கும் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பி) இருக்கிறது. அதற்குச் சராசரியாக 26 கிரேக்கு மேல் போனால் வாய் காலத்துக்கும் வறண்டுபோகலாம். ஆக, ஓரிடத்துக்கு 70, பக்கத்தில் 45க்குள், இன்னொன்றுக்கு 26க்குள். கண்ணால் பார்த்தோ கையால் தடவியோ இதைச் செய்ய முடியுமா?

வறண்ட வாய் சின்ன விடயம் என்று நினைக்கவேண்டாம். சோறு விழுங்க முடியாது, உறைப்பு வாயில் வைக்க முடியாது, பல் சூத்தையாகும், இரவில் தண்ணீருக்காகப் பலமுறை எழும்பவேண்டும். பிரித்தானியாவில் நடந்து 2011இல் வெளியான பார்ஸ்போர்ட் என்ற ஆய்வில், பழைய முறையில் கதிர் பெற்றவர்களில் 100க்கு 74 பேருக்கு ஓராண்டுக்குப் பின்னரும் வாய் மோசமாக வறண்டிருந்தது. சி.ரி. படத்தை வைத்துச் சுரப்பியை ஒதுக்கி, கதிரின் வலுவை இடத்துக்கிடம் மாற்றிக் கொடுத்தவர்களில் அது 38 பேர்தான். சோறு தின்னக் கூடியவர்களின் எண்ணிக்கையில் வந்த வித்தியாசம் இது. எனக்கு இதைவிடப் பெரிய நியாயம் தேவையில்லை.

திட்ட ஸ்கான் என்று சொல்கிறார்களே, அதில் என்ன நடக்கும்?

சி.ரி. ஸ்கான், அச்சுப் பாணைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டையும் பார்ப்பது போல, உடம்பைச் சில மில்லிமீற்றர் தடிப்புள்ள குறுக்கு வெட்டுகளாகக் காட்டும். நோயைக் கண்டுபிடிக்க முன்பு எடுத்தபோது வளைந்த கட்டிலில் வசதியாகப் படுத்திருப்பீர்கள். திட்ட ஸ்கானில் கட்டில் தட்டையாக, சிகிச்சை இயந்திரத்தின் கட்டில் போலவே இருக்கும். எந்த நிலையில் படுக்கிறீர்களோ அதே நிலையில்தான் பிறகு ஒவ்வொரு நாளும் படுக்கவேண்டும். பழைய ஸ்கான் போதாததற்குக் காரணம் அதுதான்.

தலை, கழுத்துப் புற்று என்றால் முகமூடி ஒன்று செய்வார்கள். சுடுநீரில் இளகும் பிளாஸ்ரிக் வலையை முகத்தின் மேல் இழுத்து வைப்பார்கள். வெந்நீர் ஒத்தடம் போல இளஞ்சூடாக இருக்கும். சில நிமிடத்தில் உங்கள் முகத்தின் அச்சாகவே இறுகிவிடும். வலையில் ஓட்டைகள் இருப்பதால் மூச்சு விடலாம். பயமாக இருந்தால் மூடியைப் போடுவதற்கு முன்பே சொல்லுங்கள். கையைத் தூக்கினால் நிறுத்துவார்கள். அறைக்கு வெளியே இருந்து கமெராவில் உங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

இங்கே ஒரு விடயம். தலைமயிர் வெட்டுவது, தாடி வழிப்பது, கோயில் நேர்த்திக்கு மொட்டை போடுவது எல்லாம் முகமூடி செய்வதற்கு முன்னரே முடியட்டும். அடர்ந்த மயிரோடு செய்த மூடி, மயிர் போனபின் தளர்ந்துவிடும். தளர்ந்த மூடிக்குள் தலை அசையும்.

நெஞ்சு, வயிறு, இடுப்புப் பகுதி என்றால் தோலில் சிறு புள்ளிகள் போடுவார்கள். சிலது அழியாத பச்சைப் புள்ளி, சிலது பேனைக் கோடு. சுவரில் இருந்து வரும் லேசர் ஒளிக் கோடுகளை அந்தப் புள்ளிகளோடு பொருத்தித்தான் தினமும் உங்களைச் சரிப்படுத்துவார்கள். பேனைக் கோடானால் தேய்த்துக் கழுவவேண்டாம். அந்த இடத்தில் மஞ்சள், சந்தனம், நல்லெண்ணெய், பவுடர் எதுவும் பூசவேண்டாம்.

சிலருக்கு நரம்பில் மருந்துச் சாயம் ஏற்றுவார்கள், இரத்தக் குழாய்கள் தெளிவாகத் தெரிவதற்காக. சிறுநீரக வருத்தம், முன்பு சாயத்தால் அலர்ஜி, சீனி வருத்தத்துக்கு மெற்ஃபோமின் குளிசை போன்றவை இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சிறு சந்தேகம் இருந்தாலும் சொல்லவேண்டும்.

ஸ்கான் எடுத்த பிறகும் ஒரு கிழமை, இரண்டு கிழமை காக்க வைக்கிறார்களே?

அந்த நாட்களில்தான் பெரிய வேலை நடக்கிறது. வைத்தியர் ஒவ்வொரு குறுக்கு வெட்டுப் படத்திலும் கட்டியின் எல்லையைக் கையால் கோடு போட்டு வரைவார். படத்தில் தெரியாத நுண்ணிய பரவல் இருக்கக்கூடிய இடத்தையும் சேர்த்து இரண்டாவது கோடு. நீங்கள் அசைவீர்கள், மூச்சு விடுவீர்கள், நாளுக்கு நாள் கொஞ்சம் மாறிப் படுப்பீர்கள். அதற்காக இன்னும் வெளியே மூன்றாவது கோடு. அதன் பிறகு காக்கவேண்டிய உறுப்புகளையெல்லாம் வரைவார். கதிரை எந்தெந்தத் திசையில் இருந்து எவ்வளவு விடுவது என்று மருத்துவப் பௌதிகவியலாளர் கணினியில் கணக்கிட்டு, அதை இயந்திரத்தில் சரிபார்ப்பார். அவசரப்பட்டுத் தொடங்குவதைவிட இந்தக் காத்திருப்பு உங்களுக்கு நல்லது.

மூன்றாவது கோடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. 4 சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள உருண்டைக் கட்டி ஒன்று. சுற்றிவர 1 சென்ரிமீற்றர் விட்டால் கதிர் படும் உருண்டை 6 சென்ரிமீற்றர் ஆகிறது. அதன் கனவளவு கட்டியைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அரைச் சென்ரிமீற்றர் மட்டும் விட்டால் ஏறத்தாழ இரண்டு மடங்குதான். அந்த அரைச் சென்ரிமீற்றரைக் குறைப்பதால் தப்புவதெல்லாம் உங்கள் நல்ல தசை. புதுப்புதுப் படக் கருவிகள் வருவதன் நோக்கமே இந்த ஓரத்தைச் சுருக்குவதுதான்.

எம்.ஆர்.ஐ. வேறு கேட்கிறார்கள், சி.ரி. போதாதா?

சி.ரி. எலும்பையும் உடம்பின் வடிவத்தையும் நன்றாகக் காட்டும். கதிர்க் கணக்குக்கும் அதுவே அடிப்படை. ஆனால் மூளை, நாக்கின் அடி, கருப்பைக் கழுத்து, ஆண்களின் புரஸ்ரேற் சுரப்பி போன்ற மென்மையான இடங்களில் கட்டி எங்கே முடிகிறது என்று சி.ரி.யில் பிரித்தறிவது கடினம். எம்.ஆர்.ஐ. காந்தத்தால் படமெடுக்கிறது, கதிர் இல்லை. இரண்டு படங்களையும் கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தி, எம்.ஆர்.ஐ.யில் தெரியும் எல்லையைச் சி.ரி.யில் வரைவார்கள்.

இனிச் சொல்லப்போவதை எங்கள் பகுதி வாசகர்கள் கட்டாயம் கவனிக்கவேண்டும். உங்கள் உடம்பில் செல் துண்டு, சன்னம், குண்டுச் சிதறல் ஏதாவது இருக்கிறதா? எடுக்காமல் விட்ட சிறு துண்டானாலும், முப்பது வருடத்துக்கு முந்தியதானாலும், எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகமுன் சொல்லுங்கள். செல் துண்டு பெரும்பாலும் இரும்பு. பலமான காந்தம் அதை இழுக்கும், சூடாக்கும். கண்ணுக்குள்ளோ, முள்ளந்தண்டுக்கு அருகிலோ, பெரிய இரத்தக் குழாயின் பக்கத்திலோ இருந்தால் அது அசைவதே பெரும் ஆபத்து.

பலர் இதைச் சொல்வதில்லை. மறந்திருப்பார்கள், அல்லது சொல்லத் தயங்குவார்கள். அது எப்படி உடம்புக்குள் வந்தது என்ற கதை அங்கே தேவையில்லை. எந்த இடத்தில் இருக்கிறது என்பது மட்டும் போதும். சந்தேகமென்றால் ஒரு சாதாரண எக்ஸ்றேயில் பார்த்துவிடலாம். எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாதென்று முடிவானால் சி.ரி.யை வைத்தே திட்டம் போடுவார்கள், சிகிச்சை நின்றுவிடாது. உலோகத் துண்டு சி.ரி. படத்திலும் வெள்ளைக் கீற்றுகளாகத் தெரிந்து பக்கத்து இடங்களை மறைக்கும் என்பதால், அதற்காகவும் அவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர், எலும்பில் பிளேற், பல்லில் உலோக அடைப்பு இருந்தாலும் அப்படியே. செயற்கைக் கால் போட்டிருப்பவர் அதைக் கழற்றிவிட்டுப் படுப்பதா, போட்டபடி படுப்பதா என்பதைத் திட்ட ஸ்கானிலேயே கேட்டு, கடைசி நாள் வரை அதேபோலச் செய்யவேண்டும்.

பெற் ஸ்கானுக்குக் கொழும்புக்குப் போகச் சொல்வது ஏன்?

பெற் ஸ்கான் (கதிர் சேர்த்த சீனியை ஏற்றி, அதை உடம்பில் எந்த இடம் கூடுதலாகத் தின்கிறது என்று பார்க்கும் படம்) புற்று எங்கெங்கே உயிரோடு இருக்கிறது என்பதைக் காட்டும். சி.ரி.யில் வீங்கித் தெரியும் ஒரு நிணநீர் முடிச்சு நோயா, வெறும் அழற்சியா? நுரையீரலில் தெரியும் அடர்த்தியில் கட்டி எது, காற்றுப் போகாமல் சுருங்கிய நல்ல பகுதி எது? இவற்றை இது பிரித்துக் காட்டும். சிலவேளை நோய் வேறிடத்துக்கும் போய்விட்டதென்று தெரிந்து, சிகிச்சைத் திட்டமே மாறும்.

ஏன் தூரம் போகவேண்டும் என்பதற்குப் பதில் அந்தச் சீனியிலேயே இருக்கிறது. அதில் சேர்த்துள்ள ஃபுளோரின்-18 என்ற கதிர்ப்பொருள் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் கரைகிறது. கொழும்பில் இருந்து வீதியால் எட்டு மணித்தியாலம் கொண்டுவந்தால், புறப்பட்டதில் இருபதில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால் மருந்து தயாராகும் இடத்துக்கு அருகே ஆள் போகவேண்டியிருக்கிறது. மகரகம அபேக்‌ஷா வைத்தியசாலைக்கு ஒரு பெற் ஸ்கானர் வாங்குவதற்காக 2016இல் கதீஜா அறக்கட்டளை பொதுமக்களிடம் 20 கோடி ரூபாய் திரட்டியதை நாடே பார்த்தது. சாதாரணச் சனம் கொடுத்த காசு அது.

போகும்போது கவனிக்கவேண்டியவை சில உண்டு. ஸ்கானுக்கு முன் ஆறு மணித்தியாலம் சாப்பாடு இல்லை. வெறும் தண்ணீர் குடிக்கலாம்; சீனி போட்ட பிளேன்ரீயும் இனிப்பும் கூடாது. வெற்றிலையும் மெல்லக்கூடாது, தாடைத் தசை சீனியை இழுத்துப் படத்தைக் குழப்பும். சீனி வருத்தம் உள்ளவரின் இரத்தச் சீனி பொதுவாக 200க்குக் கீழே இருக்கவேண்டும். குளிசையையோ இன்சுலினையோ நீங்களாக நிறுத்தாமல், எப்போது எடுப்பதென்று முன்கூட்டியே கேளுங்கள். முதல்நாள் கடின வேலை வேண்டாம். இரவு ஏசி பஸ்ஸில் போனால் கம்பளியோ தடித்த போர்வையோ கொண்டுபோங்கள். குளிரில் நடுங்கினால் கழுத்தையும் தோளையும் சுற்றியுள்ள கொழுப்பும் தசையும் சீனியைத் தின்று, நோய் போலவே படத்தில் ஒளிரும். மருந்து ஏற்றிய பிறகு பேசாமல் அமைதியாக இருக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

ஸ்கான் முடிந்த பின் சில மணித்தியாலம் உங்களிடம் இருந்து மெல்லிய கதிர் வெளிவரும். நிறையத் தண்ணீர் குடியுங்கள். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அருகே நெருங்கி இருக்காதீர்கள். மறுநாள் காலையில் அது இல்லாமலே போய்விடும்.

அப்படியென்றால் கரண்ட் பிடித்த ஆளும் வீட்டில் தள்ளி இருக்கவேண்டுமா?

வேண்டாம். வெளியே இருந்து விடும் கதிர் உடம்பில் தங்காது. இயந்திரம் நின்ற கணமே முடிந்தது. பேரப்பிள்ளையைத் தூக்கலாம், ஒன்றாக இருந்து சாப்பிடலாம், ஒரே கட்டிலில் படுக்கலாம். சோப்பும் கோப்பையும் தனியாக வைக்கத் தேவையில்லை. இந்தத் தவறான பயத்தால் வீட்டின் ஒரு மூலையில் ஒதுக்கப்படும் வருத்தக்காரர்களை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. அயலவர் யாராவது அப்படிச் சொன்னால் திருத்துங்கள்.

திட்டம் போட்டாயிற்று. பிறகும் இயந்திரத்திலேயே படம் எடுக்கிறார்கள், அது ஏன்?

திட்டம் ஒரு நாளின் உடம்பை வைத்துப் போட்டது. உடம்போ தினமும் மாறும். சலப்பை ஒருநாள் நிறைந்திருக்கும், ஒருநாள் காலியாக இருக்கும். குடலில் வாய்வு சேரும். கட்டியே சுருங்கும். அதனால் கதிர் விடமுன் படுத்தபடியே ஒரு படம் எடுத்து, திட்டப் படத்தோடு பொருத்திப் பார்ப்பார்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் கட்டிலைச் சில மில்லிமீற்றர் நகர்த்துவார்கள். சில இயந்திரங்கள் எலும்பை மட்டும் காட்டும். புதியவை உங்களைச் சுற்றிச் சுழன்று சி.ரி. போன்ற படத்தையே எடுக்கும். கட்டியும் பக்கத்து உறுப்புகளும் அதில் தெரியும்.

இந்தப் படங்களால் கதிர் கூடிவிடாதா என்று கேட்பீர்கள். கொஞ்சம் கூடும். ஆனால் சிகிச்சையில் ஒரு நாளுக்குக் கொடுக்கும் அளவோடு பார்த்தால் அது மிகச் சிறியது. குறி தவறாமல் இருப்பதற்குக் கொடுக்கும் அந்த விலை நியாயமானது என்பதே என் எண்ணம்.

இனி உங்கள் கையில் இருப்பதைப் பார்ப்போம். எவ்வளவு நல்ல கருவியும் உங்கள் ஒத்துழைப்பு இல்லாமல் பாதி வேலைதான் செய்யும்.

கருப்பைக் கழுத்து, புரஸ்ரேற் போன்ற இடுப்புப் பகுதிச் சிகிச்சையில் சலப்பையை நிறைத்துக்கொண்டு வரச் சொல்வார்கள். நிறைந்த சலப்பை சிறுகுடலை மேலே தள்ளிக் கதிரின் வழியில் இருந்து விலக்கும். இவ்வளவு தண்ணீர், இத்தனை நிமிடத்துக்கு முன் என்று சொன்னால், தினமும் அதே அளவு, அதே நேரம். தெல்லிப்பழைக்குப் பஸ்ஸில் வருகிறவர்கள் வீட்டில் குடித்துவிட்டு வந்து, வரிசையில் அடக்கமுடியாமல் தவிப்பார்கள். போத்தலில் தண்ணீரைக் கொண்டுவந்து, முறை எப்போது வரும் என்று கேட்டபின் அங்கேயே குடியுங்கள். காலையில் மலம் கழித்துவிட்டு வருவதும் அதேயளவு முக்கியம். மலச்சிக்கல் இருந்தால் வெட்கப்படாமல் தாதியிடம் சொல்லுங்கள். பயறு, கடலை, பலாப்பழம் போன்றவை வாய்வு தருமானால் அந்தக் கிழமைகளில் குறையுங்கள்.

இடப்பக்க மார்புப் புற்று என்றால் மூச்சை ஆழமாக இழுத்துப் பிடிக்கச் சொல்லலாம். நெஞ்சு விரிந்தால் இதயம் கதிரின் பாதையில் இருந்து விலகும். வீட்டில் படுத்தபடி 20 வினாடி மூச்சைப் பிடித்துப் பழகுங்கள். நுரையீரல் கட்டி மூச்சோடு மேலும் கீழும் ஓடும். அதற்காக மூச்சின் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஸ்கான் எடுப்பார்கள். அப்போது இயல்பாக மூச்சு விட்டால் போதும்.

உடல் நிறை குறையாமல் பாருங்கள். தொண்டைக்குக் கதிர் கொடுக்கும்போது மூன்றாம் கிழமையில் இருந்து விழுங்க நோகும். சாப்பாடு குறையும், கன்னம் ஒட்டும், முகமூடி தளரும். சில கிலோ குறைந்தாலே கட்டியும் முண்ணாணும் இருந்த இடத்தில் இருக்காது. அப்போது ஸ்கானும் திட்டமும் திரும்பச் செய்யவேண்டி வரும். கஞ்சி, முட்டை, பால், மசித்த சோறு என்று எது இறங்குமோ அதைக் கொடுங்கள். மூடி தளர்வாக இருப்பதுபோல உணர்ந்தால் அன்றே சொல்லுங்கள். முதலில் கண்டுபிடிக்கக்கூடியவர் நீங்கள்தான்.

விரதம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும், கந்தசட்டியின் ஆறு நாளும் பிடிக்கும் விரதத்தை விட மனம் வராது என்று தெரியும். ஆனால் கதிர் போய்க்கொண்டிருக்கும்போது பட்டினி கிடந்தால் சிகிச்சையின் குறி மாறும். இந்த வருடம் உங்களுக்காக வீட்டில் இன்னொருவர் பிடிக்கட்டும்.

நாள் தவறவிடாதீர்கள். ஓய்வு கிடைத்தால் புற்று அணுக்கள் வேகமாகப் பெருகும். கருப்பைக் கழுத்துப் புற்றிலும் தலை, கழுத்துப் புற்றிலும் சிகிச்சை இழுபடும் ஒவ்வொரு நாளுக்கும் நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. கலியாணவீடு, செத்தவீடு, போயா விடுமுறை, இயந்திரப் பழுது எதனால் ஒருநாள் போனாலும், "இந்த நாளை எப்படி ஈடுசெய்வீர்கள்?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

சென்னைக்குப் போனால் இன்னும் நல்ல இயந்திரம் கிடைக்காதா?

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் முதலில் கேட்பது இது. சென்னையில் 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் இருக்கிறது. 2019இல் திறந்த அப்பலோ புரோட்டன் நிலையமும் இருக்கிறது. புரோட்டன் கதிர் குறித்த ஆழத்தில் நின்றுவிடும் தன்மையுள்ளது. குழந்தைகளின் புற்றுக்கும் கண், மூளை, முள்ளந்தண்டு அருகே உள்ள சில கட்டிகளுக்கும் உண்மையான நன்மை உண்டு. எம்.ஆர்.ஐ.யும் கதிர் இயந்திரமும் ஒன்றாகச் சேர்ந்த கருவியும் உலகில் வந்துவிட்டது. புரஸ்ரேற் புற்றில் சி.ரி. வழிகாட்டலையும் எம்.ஆர்.ஐ. வழிகாட்டலையும் ஒப்பிட்டு 2023இல் வெளியான மிராஜ் ஆய்வில், ஓரத்தை 4 மில்லிமீற்றரில் இருந்து 2 ஆகக் குறைத்தபோது, குறுகிய கால சிறுநீர்த் தொல்லை 100க்கு 43 பேரில் இருந்து 24 பேராகக் குறைந்தது.

ஆனால் காணி அடைவு வைத்து ஓடமுன் வைத்தியரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "என்னுடைய வருத்தத்துக்கு, இந்தக் கட்டத்தில், அங்கே போவதால் குணமாகும் வாய்ப்பு கூடுமா?" பெரும்பாலான மார்பு, தொண்டை, கருப்பைக் கழுத்துப் புற்றுகளுக்கு சி.ரி. திட்டமும், ஒழுங்கான தினப் படமும், இடைவெளியில்லாத வருகையுமே பெரும்பங்கு பலனைத் தரும். இலவசமாக, வீட்டுச் சாப்பாட்டோடு, உறவுகளின் துணையோடு அது கிடைப்பதற்கும் மதிப்பு இருக்கிறது. வீசாவுக்கும் தங்குமிடத்துக்கும் அலைந்து ஒரு மாதம் போனால், அந்த மாதம் நோய்க்குக் கிடைத்த மாதம்.

எலும்பில் பரவி நோவுக்காக மட்டும் கதிர் கொடுக்கும்போது இத்தனை ஸ்கானும் இருக்காது. ஒரே நாளில் 8 கிரே கொடுத்து அனுப்பிவிடுவதும் உண்டு. அதைக் கவனக்குறைவு என்று எண்ணவேண்டாம். அந்த நோவுக்கு அது போதுமான, நிரூபணமான அளவு.

முடிந்த உடனே ஒரு ஸ்கான் எடுத்து எல்லாம் போய்விட்டதா என்று பார்க்கலாமா?

அவசரப்படாதீர்கள். கதிர் பட்ட இடம் சில கிழமை அழன்றிருக்கும். பெற் ஸ்கானில் அந்த அழற்சியும் நோய் போலவே ஒளிரும். தலை, கழுத்துப் புற்றுக்குப் பொதுவாக 12 கிழமை விட்டே பார்க்கிறார்கள். அதற்குமுன் தனியாரில் காசு கட்டி எடுத்தால், இல்லாத நோயைக் கண்டு குடும்பமே கலங்கக்கூடும்.

அதற்கிடையில் வாங்கவேண்டிய கடதாசி ஒன்று உண்டு: எந்த இடத்துக்கு, எத்தனை கிரே, எத்தனை தடவை, எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை என்ற சிகிச்சைச் சுருக்கம். பல ஆண்டுக்குப் பின் பக்கத்தில் இன்னொரு கட்டி வந்தால், முண்ணாண் ஏற்கெனவே எவ்வளவு வாங்கியிருக்கிறது என்று அந்த வைத்தியருக்குத் தெரியவேண்டும். ஸ்கான் படங்களை ஃபிலிமாக மட்டும் வாங்காமல் சீ.டி.யிலும் பதிந்து கேளுங்கள். திட்டம் போடும் கணினிக்கு அதுதான் உதவும். இரண்டையும் கிளினிக் கொப்பியோடு ஒரே உறையில், வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். கடதாசியைப் போனில் படமெடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பிவிடுங்கள்.